காற்றுப் பைக்கு ஒரு வக்காலத்து

எங்கள் கடை வாசலில் ரப்பர் படகு ஒன்று விரிந்து கிடந்தால் போதும், சாருக்குப் பாட்டு வந்துவிடும். உடம்பைக் காற்றுப் பை என்று ஏசி, பொய் என்று தள்ளிவிடும் சித்தர் பாட்டு. பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு வரி பாடிவிட்டு என்னைப் பார்ப்பார். "பொய்யைப் போட்டு ஒட்டிக்கிட்டு இருக்கியே மக்களே!" பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நாஞ்சில் நாட்டுக்காரர். அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைவிட எனக்குப் பழக்கம் அதிகம். காற்றுப் பைதான் எனக்குச் சோறு போடுகிறது.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் நோக்கி நடந்தால் நடுவில் ஆரியசாலை. அப்பா இங்கே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். எனக்கு இப்போது டியூப் வேலை குறைவு. மீட்பு வேலைக்குப் போகும் இளைஞர்களின் காற்றுப் படகு வருகிறது. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை அதைவிட அதிகம் வருகிறது.

படகோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காற்று இறங்குது அண்ணாச்சி. நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று. இந்தப் படகின் குழாய்களுக்கு மூன்று பவுண்டு அழுத்தம் போதும். கார் டயருக்கு அடிக்கிற கையால் முப்பது அடிக்கப் பார்த்தால் தையல் பிளந்துவிடும். மத்தியானம் 35 டிகிரி வெயிலில் மூன்று பவுண்டு அடித்த படகு, ராத்திரி 25 டிகிரிக்கு வந்ததும் இரண்டரைக்குக் கொஞ்சம் கீழேயே காட்டும். ஒரு பொட்டுக் காற்றும் வெளியே போகவில்லை. குளிர்ந்ததால் அழுத்தம் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் வெயில் ஏறினால் தானாக விறைக்கும். ஓட்டையே இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது வால்வு. சோப்புத் தண்ணீரைக் குழைத்துத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வாஷர் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு மணல் பொடி உட்கார்ந்திருக்கும். முள் குத்திய இடத்தைத் தேடி எல்லோரும் படகைப் புரட்டுவார்கள். காற்றோ, வந்த வாசல் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். உடம்புக்கு ஒன்பது வாசல் என்று எண்ணி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வம்பு பிடித்தது உள்கசிவு. படகு ஒரே பை அல்ல. ஒரு பக்கம் கிழிந்தாலும் மற்றவை தாங்கட்டும் என்று உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். அந்தத் தடுப்பில் ஓட்டை விழுந்தால் வெளியே குமிழியே வராது. ஓர் அறைக்கு மட்டும் அடித்துவிட்டு, பக்கத்து அறை உப்புகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். மொத்தக் காற்று குறையவில்லை, படகு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆளை ஏற்ற முடியாது.

இங்கேதான் சித்தரோடு எனக்குத் தகராறு. அவர் கணக்கில் பை ஒன்று, காற்று ஒன்று. பை அழியும், காற்று போய்விடும், ஆகவே பொய். என் கடையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கடை முழுக்கக் காற்று இருக்கிறது. அது யாரையும் தாங்குவதில்லை. மடித்து வைத்த துணியும் தாங்காது. துணி காற்றைப் பிடிக்க, காற்று துணியைத் தள்ள, இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் பிறக்கிறது. அதுதான் ஆளைத் தூக்குகிறது. அதை எடை போட முடியாது. ஆனால் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருக்கும்போது அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

சித்த மரபுக்காரர்களே இதை ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் பத்துக் காற்று என்பார்கள். பத்தாவது தனஞ்சயன், மற்ற ஒன்பதும் போன பிறகும் பிணத்தில் தங்கி, அதை வீங்கச் செய்து, கடைசியில் கபாலத்தைப் பிளந்துகொண்டு போகுமாம். உயிர் போன பிறகும் பையில் காற்று இருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? அப்படியானால் போனது வெறும் காற்று அல்ல. இதைச் சாரிடம் கேட்டேன். அன்று டீ வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

டீ குடித்ததும் திறந்தார். "திருமூலர் கட்சியா நீ?" ஆமாம், அவர் கட்சிதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் சொல்கிறார்: முன்பு உடம்பை இழிவாக நினைத்தேன், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கினேன் என்று. அவர் அப்படிச் சொன்னதற்கு அவருடைய கதையிலேயே காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரியபுராணத்தின்படி அந்த உடம்பு அவருடையதே அல்ல. திருவாவடுதுறைப் பக்கம் சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. வழியே வந்த சிவயோகி இரக்கப்பட்டு, தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து மாடுகளை வீடு சேர்க்கிறார். திரும்பி வந்தால் தன் உடம்பைக் காணோம். இறைவனே மறைத்துவிட்டார். பிறகு அந்த மாட்டுக்காரன் உடம்பிலிருந்துதான் மூவாயிரம் பாட்டும். இன்னொருவன் கைவிட்டுப் போன பையில் குடியிருந்தவர் அவர். பையின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"எத்தனை ஒட்டுப் போட்டாலும் ஒருநாள் துணியே இத்துப்போகும்லா?" என்று சார் கடைசி அம்பை விட்டார். இது நியாயமான அம்பு. துணி பிசுபிசுத்து, தையல் முழுக்க விட்டுவிட்ட படகை நான் ஒட்டுவதில்லை; இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மருத்துவர்களும் ஒரு கட்டத்தில் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் போதும் என்பது ஒரு பேச்சு, பொய் என்பது வேறு பேச்சு. ஒரு பெண் தன் அம்மாவின் காற்று மெத்தையைக் கொண்டுவந்து, "இன்னும் கொஞ்ச நாள் தாங்கினா போதும் அண்ணாச்சி" என்றாள். கொஞ்ச நாள்தான் என்பதற்காக நான் அரைகுறையாக ஒட்ட முடியுமா?

நவராத்திரி வந்தால் எங்கள் தெருவே இதற்குச் சாட்சி. வேளிமலைக் குமாரசாமி குமாரகோவிலிலிருந்து, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையோடும் ஊர்வலமாக வந்து, எங்கள் ஆரியசாலை தேவி கோயிலில்தான் தங்குவார். பூஜை நாட்கள் முடிந்ததும் மலைக்குத் திரும்பிவிடுவார். போகப்போகிற சாமிதானே என்று யாரும் அவருக்கான இடத்தைக் கூட்டாமல் விட்டதில்லை. சாரும் வருஷம் தவறாமல் வரவேற்கப் போய் நிற்பார்.

மறுபடி படகுக்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய் ஆட்களை மீட்டதை ஊரே பார்த்தது. அதே வெள்ளத்தில் கடற்படையும் பேரிடர் மீட்புப் படையும் காற்றுப் படகுகளை இறக்கின. தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் காற்றுப் படகு மிதந்து முடுக்குக்குள் போகும். அதற்கு எமன் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் கேட்டுக் கம்பியும் முள்வேலியும்தான். அப்படிக் கிழிந்ததை ஒட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஹைப்பலான் என்ற ரப்பர் பூசிய துணிக்கு ஒரு பசை, பிவிசிக்கு வேறு பசை. சைக்கிள் சொல்யூஷன் இரண்டுக்கும் ஆகாது. (ஹைப்பலானை டூபாண்ட் கம்பெனி 2010-இலேயே கைவிட்டுவிட்டது, பெயர் மட்டும் கடைகளில் வாழ்கிறது.) ஒட்டுத்துணி கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். முனைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்முனை முதலில் பெயரும். மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, கையில் ஒட்டும் பதத்தில் அமுக்க வேண்டும். பிறகு ஒரு முழு நாள் காற்றடிக்காமல் விட வேண்டும்.

இதற்கெல்லாம் காய்ந்த காற்று வேண்டும். ஈரம் ஏறினால் பசை பிடித்ததுபோல் காட்டி, ஆள் ஏறும்போது விடும். இங்கே ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை இறங்கிவிடும். மழை கொட்டும்போது படகைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நாளைக்கே வேண்டும் என்று நிற்காதீர்கள். பங்குனியிலேயே கொண்டு வாருங்கள். மணலைக் கழுவி, நிழலில் காயவைத்துக் கொண்டு வாருங்கள். பம்பையும் மறக்க வேண்டாம். வால்வு வாய் ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு மாதிரி.