நின்ற இடம் யாருடையது?

ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தால், வீட்டிலுள்ள சர்வர் அந்த இடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். எங்கள் வீட்டில் ஓடுவது, சேமித்த படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோது, அது பிடிக்காதவர்கள் 2018 டிசம்பரில் பழைய திறந்த நிரலிலிருந்து கிளை பிரித்துக் கட்டியது. அதன் கணக்கில் ஒரு வினாடிக்கு ஒரு கோடிப் பங்கு. ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் நிறுத்தினால், படத்தின் பெயருக்கும் என் பெயருக்கும் நேராக 4,360 கோடி என்று ஓர் எண் ஏறிவிடும். கூடத்து டிவியில் விட்டதைப் படுக்கையறையில் போனில் எடுத்தாலும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

இவ்வளவு துல்லியமான கருவி, எல்லா நிறுத்தத்தையும் நிறுத்தமாக ஏற்பதில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன. 5 சதவீதத்துக்குள் எழுந்துவிட்டால் நாம் படத்தைத் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளும். 90 சதவீதத்தைத் தாண்டி எழுந்தால் பார்த்து முடித்தாயிற்று. 300 வினாடிக்கும் குறைவான காணொளி என்றால் பாதி, முழுசு என்ற பேச்சே இல்லை. இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸும் 90-ஐத்தான் எல்லையாக வைத்தது. எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து 2014-இல் ‘கோடி’ என்று பெயர் மாறிய மென்பொருள் முதல் 180 வினாடியையும் கடைசி 8 சதவீதத்தையும் கணக்கில் சேர்க்காது.

நம் படங்களில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள். இரண்டு மணி நாற்பது நிமிடப் படம் என்றால் முதல் எட்டு நிமிடம் தொடக்கம் ஆகாது. கடைசிப் பதினாறு நிமிடம் பார்க்காவிட்டாலும் பார்த்ததாகிவிடும். அந்தப் பதினாறு நிமிடத்தில்தான் கொலை செய்தது யாரென்று தெரியும், கோர்ட்டில் சாட்சி வாய் திறப்பான், பிரிந்தவர்கள் ரயில் நிலையத்தில் சந்திப்பார்கள். அந்தப் பதினாறு நிமிடத்துக்குள், முடிச்சு அவிழும் முன் தூக்கம் வந்து நிறுத்தினால், படத்தின் மேல் ‘பார்த்தாயிற்று’ என்ற குறி விழுந்துவிடும். நின்ற இடமும் அழிந்துவிடும். இந்த எண்களை வைத்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. படம் முடிந்தபின் பல நிமிடம் பெயர்ப் பட்டியல் ஓடும் ஆங்கிலப் படங்களுக்கு அந்த எல்லை பொருந்தும். பெயர் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போகிறவரிடம் போய் ‘நீங்கள் இன்னும் முடிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மேல் எல்லையை 97 ஆக்கி வைத்திருக்கிறேன். கீழே உள்ள ஐந்தை அப்படியே விட்டுவிட்டேன். எட்டு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுத் தடம் இல்லாமல் எழுந்து போகும் உரிமை மனிதருக்கு வேண்டும்.

ஐந்துக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் நின்றவை எல்லாம் முகப்பில் ‘தொடர்ந்து பார்’ என்ற வரிசையில் வந்து உட்காருகின்றன. ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு மெல்லிய கோடு, எவ்வளவு தூரம் வந்தோம் என்று காட்டியபடி. அந்தக் கோடு மனத்தை இழுக்கும். 1928-இல் பெர்லினில் குர்ட் லெவினின் மாணவியான மரியா ஒவ்சியான்கினா இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். சிறு சிறு வேலைகளைக் கொடுத்து நடுவில் நிறுத்தச் சொன்னார். யாரும் கேட்காமலே, பரிசு எதுவும் இல்லாமலே, பெரும்பாலானவர்கள் கிடைத்த இடைவெளியில் விட்ட வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள். தொட்டதை முடிக்கத் தவிக்கும் இந்தக் குணத்தால்தான் வீடுகள் கட்டி முடிகின்றன, பிள்ளைகள் படித்து முடிக்கிறார்கள். நான் இதை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் இதே குணத்தைக் காட்ட வேண்டுமா என்ற கேள்வியும் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எழுகிறது.

ஏனென்றால் எங்கள் ஜெல்லிஃபினில் ஒரு படத்தை அந்த வரிசையிலிருந்து எடுக்க இரண்டே வழிதான். பார்த்துவிட்டேன் என்று குறிக்கலாம். பார்க்கவே இல்லை என்று குறிக்கலாம். ‘இவ்வளவு பார்த்தேன், எனக்கு இது போதும்’ என்று சொல்ல இடமில்லை. ஒரு பெண்ணை அடித்து அவமானப்படுத்துவதையே அரை மணி நேரம் நீட்டிய படம் ஒன்றை நான் நடுவில் நிறுத்தினேன். அதைப் பார்த்தேன் என்பதும் உண்மை இல்லை, பார்க்கவில்லை என்பதும் உண்மை இல்லை. யோசித்துத்தான் நிறுத்தினேன். அந்த நிறுத்தம் என் தீர்மானம். அரைகுறை வேலை அல்ல. பிளெக்ஸில் வரிசையிலிருந்து நேராக நீக்கலாம். நெட்ஃபிளிக்ஸும் அதற்காக ஒரு பொத்தானைக் கொண்டுவந்தது. கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். வெளியேறியதையும் ஒரு முடிவாக மதிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் என்றே அவர்களை நினைக்கிறேன். படிப்பை, வேலையை, ஓர் ஊரை, சில சமயம் ஓர் உறவை நடுவில் விட்டு வந்தவர்களிடம் நாம் கேட்பதும் இந்த இரண்டு கேள்விகள்தானே: முடித்தாயா, இல்லையா? அங்கே இருந்த காலத்தில் என்ன கிடைத்தது, எது போதும் என்று தோன்றியது என்று கேட்பவர்கள் குறைவு.

நின்ற இடத்தின் நினைவு முன்பு வேறெங்கோ இருந்தது. தூர்தர்ஷனில் ஞாயிறு மாலைப் படம் ஓடிய காலத்தில் அது யாருக்காகவும் நிற்காது. அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். தோசை வார்த்துவிட்டு வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, “என்னடி ஆச்சு? அவன் ஏன் அழறான்?” என்பாள். நான் சொல்லுவேன். தம்பி குறுக்கே வந்து வேறு மாதிரி சொல்லுவான். எங்கள் இரண்டு பேர் வாயிலும் கிடைத்ததை ஒட்ட வைத்துத்தான் அவள் எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறாள். அவள் விட்ட இடம் எங்கள் நாக்கில் இருந்தது.

பிறகு வாடகை வீடியோ கேசட் வந்தது. நிறுத்திய இடம் நாடாவிலேயே தங்கிவிடும். எந்த டெக்கில் போட்டாலும் அங்கிருந்தே ஓடும். முன்னால் எடுத்தவர் பாதியில் விட்டிருந்தால், முகம் தெரியாத அவருடைய இடத்திலிருந்து நம் டிவியில் படம் தொடங்கும். டிவிடியில் அந்த நினைவு நாடாவை விட்டுப் பெட்டிக்குப் போனது. பல பெட்டிகளில் மின்சாரம் போனால் நினைவும் போய்விடும். இப்போது அது நாடாவிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. ஆளின் பெயரில் பதிகிறது. அம்மாவுக்குத் தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தது இந்த சர்வரில் நான் செய்த வேலைகளிலேயே பயனுள்ளது என்று சொல்வேன். அவள் ஒரு படத்தை நான்கைந்து நாள் வைத்துப் பார்க்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே கொஞ்சம், மதியம் கண் அசரும்வரை கொஞ்சம். “விட்ட எடத்துல கரெக்டா நிக்குதுடி, யாரையும் கேக்க வேண்டாம்” என்கிறாள். எங்களிடம் கேட்டுக் கேட்டுப் படம் பார்த்த அந்த நாட்களில் ஓர் அழகு இருந்தது என்று எழுதிவிடலாம். பிள்ளைகளான எங்களுக்கு அது அழகுதான். அவளுக்கு அப்படி இருந்திருக்காது. ஒரு வீட்டில் யார் படம் பார்க்கலாம், யார் எழுந்து போய்ச் சமைக்க வேண்டும் என்பதை யாரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள். அவளுடைய கணக்கில் இன்று சேர்ந்திருக்கும் அந்த எண்களை நான் ஒரு நீதியாகவே பார்க்கிறேன்.

எண் இருந்தால் மட்டும் தொடர்ந்துவிட முடியுமா என்றால், முடிவதில்லை. இரண்டு மாதம் முன்பு விட்ட படத்தைச் சரியாக அதே வினாடியில் திறந்தால், அவன் ஏன் கதவைச் சாத்துகிறான், இவள் கையில் இருப்பது யார் எழுதிய கடிதம், ஒன்றும் பிடிபடாது. இடம் சரி, ஆனால் அந்த இடத்தில் அன்று உட்கார்ந்திருந்த நான் இப்போது இல்லை. அன்று எனக்குள் இருந்த பயமும் சந்தேகமும் வடிந்து போயிருக்கும்.

வீடியோக் கோப்பின் உள்ளே நடப்பதை அறிந்தபோது இது எனக்கு இன்னும் தெளிவானது. சுருக்கிய வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் முழுப் படமாக இருப்பதில்லை. சில வினாடிக்கு ஒருமுறை மட்டும் முழுப் படம் ஒன்று வரும். அவற்றுக்கு நடுவில் உள்ளதெல்லாம் என்ன மாறியது என்ற குறிப்புகள்தாம்: உதடு அசைந்தது, விளக்கு மங்கியது, பின்னால் ஒருவர் நகர்ந்தார். நடுவில் ஓர் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னால் கருவியால் அங்கே நேராகக் குதிக்க முடியாது. அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, நாம் கேட்ட வினாடிக்கு வந்து சேர்கிறது. நம் கண்ணுக்குப் படாமல் இது நடந்து முடிந்துவிடுகிறது. டிவிக்கான சில செயலிகளில் தொடரும்போது சில வினாடி பின்னால் போய்த் தொடங்கும்படியும் வைக்கலாம். மனிதருக்குச் சில வினாடி போதாது. நான் அந்தக் காட்சியின் தொடக்கத்துக்கே போய்விடுவேன். நெடுநாள் ஆன படம் என்றால் அதற்கும் முந்தைய காட்சிக்கு. சண்டை போட்டுப் பேச்சு நின்ற தோழியிடம் வருடங்கள் கழித்துப் பேசியபோதும் இப்படித்தான் நடந்தது. சண்டை நின்ற வாக்கியத்திலிருந்து நாங்கள் தொடங்கவில்லை. அதற்கும் முன்னால், இரண்டு பேருக்கும் முழுசாக நினைவிருந்த கல்லூரி விடுதி நாட்களிலிருந்து தொடங்கினோம். சண்டையின் இடத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று சந்திப்புகள் பிடித்தன.

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆள் விஷயம். இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய படத்தில் நின்ற இடம் யாருடையது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நாங்கள் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்து முடிக்கச் சில வாரம்கூட ஆகும். முதலில் என் கணக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கணக்கில் அந்தப் படம் தொடப்படாததாகவே இருக்கும். சர்வரைப் பொறுத்தவரை அந்த இரவுகளில் சோபாவில் ஓர் ஆள்தான். ஜெல்லிஃபினில் சிங்க்பிளே என்று ஒரு வசதி உண்டு. வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்க்கலாம், ஒருவர் நிறுத்தினால் எல்லாருக்கும் நிற்கும். அதிலும் நின்ற இடம் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் பதிகிறது. ‘நாங்கள்’ என்ற ஆளை எந்த மென்பொருளும் தானாக அறிவதில்லை.

ஆனால் சேர்ந்து நிறுத்திய இடம் ஒரு வாக்கு. “நான் இல்லாம பாத்துடாதே” என்று அவர் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவார். மீதியைத் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு தெரியாதது போலப் பக்கத்தில் உட்காருவது எனக்கு ஒப்பாது. கதை தெரிந்துவிட்டதால் மட்டும் இல்லை. இருவருக்கும் ஒன்றாக இருந்த ‘இனி என்ன ஆகும்’ என்ற கேள்வியில் ஒருவர் மட்டும் வெளியேறிவிடுகிறார். மற்றவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குடும்பத்தில் இந்த மாதிரிச் சிறிய காத்திருப்புகளுக்கு நாம் போதிய மதிப்புத் தருவதில்லை என்று நினைக்கிறேன். சம்பாதிப்பதை, சமைப்பதைக் கணக்கில் கொள்கிறோம். ஒருவர் வரும்வரை முடிவை அறியாமலே இருக்கச் சம்மதிப்பதும் அன்பின் வேலைதான்.

அதனால் எங்கள் இருவருடைய கணக்குகளோடு இன்னொரு கணக்கு திறந்தேன். பெயர் ‘நாங்கள்’. இருவரும் உட்கார்ந்தால்தான் அது திறக்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன் “எங்க விட்டோம்?” என்று அவர் கேட்பார். இடம் சர்வருக்குத் தெரியும், அவர் அதைக் கேட்கவில்லை. நான் எனக்கு நினைவிருப்பதைச் சொல்வேன், அவர் திருத்துவார். ஒரே காட்சியை இரண்டு பேரும் எவ்வளவு வேறாக நினைவில் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். படத்தைவிட அந்தப் பேச்சு நீண்ட இரவுகளும் உண்டு. மகளுக்கு இந்தக் கணக்கின் சட்டம் முதலில் புரியவில்லை. “இன்னும் அரை மணி நேரம்தானேம்மா, போடு” என்பாள். இப்போது அவளும் பாட்டியும் தங்களுக்கென்று ஒரு கணக்கு கேட்கிறார்கள். என்ன பெயர் வைப்பது என்பதில்தான் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.