எல்லாம் மாற்றிய பிறகும் அதே சைக்கிள்தானா?

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தின் கடலோரத்தில் இருக்கிற பட்டினச்சேரியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. அலையிலிருந்து கிளம்பும் உப்பு காற்றோடு வந்து படிகிறது. படிந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்துத் துரு உள்ளே இறங்குகிறது. காளமேகப் புலவர் கோபத்தில் மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை வழங்கும் ஊர் இது. கதை எப்படியோ, கடற்கரை மணல் சைக்கிள் செயினுக்குள் புகுந்து அரைப்பது மட்டும் நிஜம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய கறுப்பு சைக்கிள் முப்பது, நாற்பது ஆண்டு ஓடியிருக்கிறதென்றால், கம்பெனியில் பூட்டிய உறுப்புகளில் எத்தனை அதில் மிஞ்சியிருக்கும்? டயர், டியூப் போயிருக்கும். செயின் பலமுறை மாறியிருக்கும். ரிம் பொரிந்து, ஸ்போக்ஸ் அறுந்து, ஃப்ரீவீல் தேய்ந்து, சீட் கிழிந்து எல்லாமே புதிதாக வந்திருக்கும். ஃபோர்க்கூட மாறியிருக்கலாம். கடைசியில் மிஞ்சுவது ஃப்ரேம் ஒன்றுதான். அதுவும் எங்காவது விரிசல் விட்டு, பித்தளை வைத்துப் பற்றவைத்து, மேலே வேறு பெயின்ட் அடித்ததாக இருக்கும். ஆனாலும் வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார்: “இது எங்க அப்பா வண்டி.”

அவர் சொல்வது உண்மையா? இதைப் பொழுதுபோக்குக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றில் மாறாமல் இருப்பது எது என்று இந்தக் கடற்கரையின் சமயங்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கேட்டிருக்கின்றன. கிரேக்கர்களும் கேட்டார்கள். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீஸியஸின் கப்பலைப் பற்றி தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியதைப் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார்.

பட்டினச்சேரியிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் நாகப்பட்டினம். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் அங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினார்கள். சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை விட்டுக்கொடுத்தான். பௌத்தம் வேரூன்றியிருந்த கரை இது. அந்த மரபின் ‘மிலிந்தன் கேள்விகள்’ என்ற பாலி நூலில், தேரில் வந்திறங்கிய அரசனை நாகசேனர் என்ற பிக்கு மடக்குகிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் தேரில்லை என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். இவற்றை விட்டுத் தனியாக ஒரு தேர் இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகள் கூடியிருக்கும்போது வழங்குகிற பெயர்தான் தேர் என்று பேச்சு முடிகிறது.

இந்தப் பதிலில் பெரிய நேர்மை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையைப் பார்த்த கரைக்கு, சேர்ந்திருப்பவை ஒரு நொடியில் பிரிந்துபோகும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீடு, படகு, வலை, மனிதர்கள் என்று சுனாமி பிரித்துப்போட்டது இங்கே இன்னும் ஆறாத நினைவு. ஆனால் பெயர் மட்டும்தான் என்று நிறுத்திக்கொண்டால், மறுநாள் காலையில் எதைத் தேடி எடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் வழி கிடைப்பதில்லை.

அதற்கு இந்தப் பகுதியிலேயே பிறந்த இரண்டு கதைகள் துணைக்கு வருகின்றன. இரண்டையும் பெரியபுராணம் சொல்கிறது. காரைக்காலில் வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதி, இறையருளால் மாங்கனி வரவழைத்த அதிசயத்துக்குப் பிறகு கணவன் விலகிப்போய் வேறு மணம் செய்துகொண்டதை அறிந்ததும், அவனுக்காகச் சுமந்த அழகும் தசையும் வேண்டாம் என்று உதறினார். பேய் வடிவம் கேட்டுப் பெற்றார். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். கயிலையில் சிவன் மட்டும் அவரை ‘அம்மை’ என்று அழைத்து அடையாளம் கண்டுகொண்டான். உடல் முழுவதும் மாறிவிட்டது, ஆள் மாறவில்லை. காரைக்கால் இன்றும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுப்பது அந்த மாறாத ஆளுக்குத்தான்.

மேற்கே திருவாவடுதுறைப் பக்கம், சாத்தனூரில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறின. அவற்றின் துயர் பொறுக்காமல் வடக்கிலிருந்து வந்த யோகி ஒருவர் அந்த உடலுக்குள் புகுந்தார். அதே முகம், அதே கைகால். பசுக்கள் தேறின. ஆனால் மூலனின் மனைவி அருகில் வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகிவிட்டார். உடல் அப்படியே இருக்கிறது, ஆள் மாறிவிட்டார். அவரைத்தான் திருமூலர் என்கிறோம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஒருவர் அவராக இருப்பது எலும்பையும் தசையையும் பொறுத்ததில்லை. அவர் எதோடு உறவு கொண்டிருக்கிறார், எதற்காக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உயிரற்ற பொருளுக்கும் இது பொருந்துமா என்று சைவ சித்தாந்தி ஒருவர் முகம் சுளிக்கலாம். சடத்தையும் சித்தையும் குழப்பக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் நம் கோயில் வழக்கம் பொருளிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பூரி ஜெகந்நாதருக்கு மர உடல். நவகளேபரத்தின்போது உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தத்தைப் புதிய உடலுக்கு மாற்றி, பழைய உடலை அடக்கம் செய்கிறார்கள். 2015-இல் அப்படி நடந்தது. தெய்வம் மாறிவிட்டதாக எந்தப் பக்தரும் நினைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது தெய்வ சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்வதும் இதே நம்பிக்கையில்தான்.

பட்டினச்சேரிக்கு இதைவிட நெருக்கமான சாட்சி உண்டு. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மீனவர் குலத்தில் பிறந்த பத்மினித் தாயாரை மணந்தவர் என்பதால் அவர் இவர்களுக்கு மாப்பிள்ளை. அப்படியே அழைத்து வரவேற்கிறார்கள். தாங்கும் தோள்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. கயிறும் மூங்கிலும் மாறுகின்றன. மாமனார் வீட்டு உறவு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பாவின் சைக்கிள் அப்பாவின் சைக்கிளாகவே இருப்பதும் இந்த வகையில்தான்.

சரி, உறவு போதுமென்றால் எதை வேண்டுமானாலும் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. பழுதடைந்ததைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணம் பற்றிப் பேசும் ஆகம, சிற்ப நூல்கள் இதில் கறாராக இருக்கின்றன. சிறு சிதைவைச் சரிசெய்து வழிபடலாம். முக்கிய அங்கம் பின்னமானால் அந்தத் திருமேனியை விட்டுவிட வேண்டும். கைதேர்ந்த சைக்கிள் கடைக்காரரின் நடைமுறையும் இதுதான். ஃப்ரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழலுக்குள் முதலில் பார்ப்பார். மழைத் தண்ணீர் வடிந்து தேங்குவது அங்கேதான். உள்ளிருந்து துரு தின்னத் தொடங்குவதும் அங்கேதான். குழாயைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்பார். ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபோர்க் கழுத்தில் விரிசல் கண்டால் பேச்சே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஓடும்போது அது முறிந்தால் பல்லும் தாடையும் போகும். பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு: ஃபோர்க், பிரேக்.

மற்ற இடங்களில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஸ்டீல் ஃப்ரேமின் பெரிய அருள் அது. விரிசல் விட்ட மூட்டைக் கேஸ் வெல்டிங் பட்டறையிலேயே பித்தளைக் கம்பி வைத்து ஒட்டிவிட முடியும். இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே பித்தளை உருகி மூட்டுக்குள் ஓடிவிடும். அலுமினிய ஃப்ரேமுக்கு இந்தச் சலுகை கிடையாது. செயினை எப்போது மாற்றுவது என்பதற்கு ஓர் அளவுகோல் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அது பல்சக்கரத்தையும் தின்றுவிடும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். புதுப் பின்னை அரம் போட்டு இழைத்து, கிராங்குக்கு அடியில் கனமான கட்டையை முட்டுக் கொடுத்து அடித்து இறக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அதிர்ச்சி நேராகப் பால்ஸில் இறங்கும்.

மீன் ஏற்றும் சைக்கிளுக்கு வேறு கவனிப்பு. பின் கேரியரில் கூடையோ பெட்டியோ கட்டினால், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின் ஹப்பின்மேல் சொட்டும். கேரியரில் ஒரு தடித்த ரப்பர் ஷீட்டைச் சரிவாகப் போட்டு, தண்ணீர் பின்பக்கம் வடிய வழி செய்தாலே ஹப்பின் ஆயுள் கூடிவிடும். பாரம் அதிகமென்றால் பின்னால் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதிலாக 22 பல் போடலாம். மிதிக்கும் பளு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகமும் அதே அளவு குறையும். இங்கே மேடு கிடையாதுதான், ஆனால் கடலிலிருந்து வரும் எதிர்காற்று மேட்டுக்குச் சமம். செயின் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தினமும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுவதற்குச் செலவு என்று எதுவுமில்லை. குழாய்களுக்குள் இன்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டுச் சுழற்றினால் உள்துரு தள்ளிப்போகும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட இந்த வண்டிகளை யார் செய்தாலும் உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சென்னையில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலஸுக்கு வாங்கிய பெடல் லூதியானா ஹீரோவுக்கும் சேரும். சோனிபட்டில் 1951-இல் பிறந்த அட்லஸ் கம்பெனி, சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது; அன்று உலக சைக்கிள் நாள். கம்பெனி கைவிட்ட பிறகும் அட்லஸ்கள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. செய்தவனைவிடப் பேணுகிறவனே ஒரு பொருளுக்கு நெருங்கிய சொந்தம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இத்தனை பாடு படுவது பற்றுதானே, அதை விடச் சொல்லித்தானே எல்லாச் சமயமும் வற்புறுத்துகிறது என்று ஒருவர் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பொருளை எனக்கென்று பூட்டிவைப்பது பற்று. ஓட்டாமல் துடைத்து மட்டும் வைப்பதும் பற்று. ஆனால் தேய்வதைத் தேய்வதாகவே ஏற்று, மாற்ற வேண்டியதை மாற்றி, விட வேண்டியதை விட்டு, அது யாருக்காவது உழைக்கும்படி வைத்திருப்பது தொண்டின் பக்கம் சேர்ந்தது. ஒவ்வொரு செயின் மாற்றலிலும் நிலையாமை கையில் கறையாக ஒட்டுகிறது. அதைத் தெரிந்துகொண்டே செய்யும் வேலை இது. ஆயுத பூஜையன்று சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் ஆண்டின் மற்ற நாட்களில் அதற்கு எண்ணெய் விடாமல் இருந்தால், அந்தப் பூஜை பாதியில் நின்றதாகத்தான் கொள்ள வேண்டும்.

இந்தத் தொண்டைப் பொருளாதாரமாகவே பார்த்தவர் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தவர். சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றிய தமது நூலை எழுதினார். இயற்கையில் ஒட்டுண்ணியாக வாழ்வதும், பறித்து வாழ்வதும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, பலன் எதிர்பாராமல் பேணும் தாயின் வழி இருக்கிறது என்று அவர் படிநிலை வகுத்தார். கிறிஸ்தவரான அவர் எழுதியதும், பௌத்தர் தேரை வைத்துப் பேசியதும், சைவர் அம்மையை வைத்துப் பாடியதும் ஒரு பழைய சைக்கிளின் அருகே வந்து சேர்ந்துகொள்கின்றன.

உங்கள் வீட்டுக் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் சைக்கிளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன், ஒருமுறை அருகில் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஃப்ரேமும் ஃபோர்க்கும் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருந்தால் ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். புது வண்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். உங்களுக்கு வேண்டாமென்றால், நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கோ, விடியலில் மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கோ கொடுத்துவிடுங்கள்.