விழப்போகிறவரும் வீடு கட்டியவரும்

புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவரின் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்கிறது விவிலியத்தின் உபாகமம், 22ஆம் அதிகாரத்தில். பலியும் வழிபாடும் பேசும் நூலுக்குள் கட்டட விதி ஒன்று இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டமும் கட்டுகிறவனைப் பிடிக்கிறது. ஆனால் வீடு இடிந்து உரிமையாளர் செத்த பிறகுதான் அது கொத்தனின் உயிரைக் கேட்கிறது. உபாகமமோ யாரும் விழுவதற்கு முன்பே பேசுகிறது. இன்னும் அந்த வீட்டுப் படியேறாத, முகம் தெரியாத ஒருவருக்கு வீட்டுக்காரர் இன்றே கடன்பட்டிருக்கிறார் என்பது அதன் உட்கிடை. புதிய கட்டடங்களுக்கான தீத்தடுப்பு விதிகளையும் இந்த வகைக் கடனாகவே பார்க்க வேண்டும் என்பது என் வாதம். அனுமதி வாங்குவதற்கான காகித வேலையாக அவை சுருங்கும்போது உயிர்கள் போகின்றன.

'விதி முடிந்தால் யார் தடுக்க முடியும்?' என்ற சமாதானம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. யூதச் சட்ட நூலான தல்மூதின் அறிஞர்கள் இதிலிருந்து நழுவவில்லை. விழுகிற அந்த மனிதர் விழுவது படைப்புக் காலத்திலேயே குறிக்கப்பட்டதுதான் என்று ரபி இஸ்மவேலின் பள்ளியினர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் கேடு குற்றமுள்ளவரின் கைவழியாகவே வந்து சேர்கிறது, அந்தக் கை உன்னுடையதாக ஏன் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். செத்தவரின் தலையெழுத்து, கட்டியவரின் கணக்கை நேர்செய்யாது. ஊழை முழுதாக நம்புகிறவரும் இதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

இன்று ஒரு கட்டடத்தில் ஒரு கை மட்டும் இருப்பதில்லை. லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று நான்காம் மாடிச் சமையலறை ஃப்ரிட்ஜில் பிடித்த தீ, ஜன்னல் வழியே வெளிச்சுவருக்குப் போனது. முந்தைய ஆண்டு முடிந்த புதுப்பிப்பில் ஒட்டிய அலுமினியப் பலகைகளின் நடுவே பாலிஎத்திலீன் இருந்தது. சுவரைப் பற்றிய நெருப்பு அரை மணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 24 மாடிக்கும் ஒரே மாடிப்படி. அவரவர் வீட்டிலேயே இருங்கள் என்று அறிவுரை வேறு. 72 பேர் இறந்தார்கள். வடிவமைத்தவர், பலகை செய்தவர், பொருத்தியவர், சான்று தந்தவர், மேற்பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். யார் யார்மேல் பழிபோடுகிறார்கள் என்பதை விசாரணைக் குழுவின் வழக்கறிஞர் ரிச்சர்ட் மில்லட் ஒரு வலைப்படமாகவே காட்ட வேண்டியிருந்தது. பழியைப் பலர் பங்கிட்டால் ஆளுக்குக் கொஞ்சமே வரும் என்பது கடன் பத்திரத்துக்குப் பொருந்தும் கணக்கு. இங்கே ஒருவர் மறுத்திருந்தாலும் அந்தப் பலகை சுவரில் ஏறியிருக்காது. எனவே ஒவ்வொருவர் மீதும் முழுப் பழியே விழுகிறது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024 செப்டம்பரில் வந்த அறிக்கை சொன்னது.

'சட்டம் கேட்டதைச் செய்தேன்' என்பது இதைவிட நாகரிகமான தப்பித்தல். 2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களைத் தடைசெய்தது. 2019 செப்டம்பரில் லண்டனின் ஊஸ்டர் பார்க்கில் மரச்சட்டகத்தால் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எரிந்து, 23 வீடுகள் அழிந்தன. உயரம் அந்த அளவைத் தொடவில்லை. சட்டகத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் தீ ஓடாமல் மறிக்கும் தடுப்புகள் சில இடங்களில் குறைபட்டும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தன. கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். இந்தத் தடுப்பு இல்லாதது சுவரை மூடியபின் யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கும் வீடுகளில் இப்படி மறையும் இடங்கள் இன்னும் அதிகம். மனசாட்சியை நம்பிக் கட்டடம் கட்ட முடியுமா, சோதனைதானே வேண்டும் என்று கேட்கலாம். சோதனை வேண்டும்தான். ஆனால் சோதிக்கிறவரும் ஒரு கை. எல்லாச் சுவரையும் உடைத்துப் பார்க்க அவரால் ஆகாது. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் கைப்பிடிச் சுவருக்குப் பத்துப் பிடி உயரம் என்று அளவு குறித்ததோடு நிற்கவில்லை. ஒருவர் சாய்ந்தால் தாங்க வேண்டும் என்றார்; கிணறு முதல் உயிருக்கு ஆபத்தான எதற்கும் இதே கடமையை நீட்டினார்.

செலவு பற்றிய ஆட்சேபத்தை அலட்சியப்படுத்த மாட்டேன். விதிகள் பெருகினால் வீட்டு விலை ஏறும். கூரையில்லாதவர்தான் முதலில் அடிபடுவார். பழைய யூத மரபும் நான்கு முழச் சதுரத்துக்குக் குறைந்த சிறு வீட்டுக்கும், குடியிருக்காத கிடங்குக்கும் விலக்குக் கொடுத்தது. ஆபத்துக்கு ஏற்பத் தளர்த்துவது நியாயமே. கிரென்ஃபெல்லில் நடந்தது அதுவல்ல. துத்தநாகப் பலகைக்குப் பதில் மலிவான அலுமினியப் பலகை போட்டதில் மிச்சமானது ஏறத்தாழ 3 லட்சம் பவுண்ட். மிச்சம் பிடித்தவர்கள் ஒருவரும் அந்த மாடிகளில் குடியிருக்கவில்லை; குடியிருந்தவர்களிடம் எந்தப் பலகை எவ்வளவு எரியும் என்று யாரும் சொல்லவும் இல்லை.