வேண்டுதல் யாரை மாற்றுகிறது?

வேண்டுதல் இறைவனை மாற்றுமா? இக்கேள்வி திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கும் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்கும் பொது. இறைவன் மாறுவதில்லை, மாறுவது உயிரே என்கிறது சைவ சித்தாந்தம். வேண்டுதல் இறைத்திட்டத்தை மாற்றாது என்றார் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ்.

கொடுப்பவரை மாற்றும் வேண்டலுக்கும் மாற்றாத வேண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை, இணைய உலாவி வழங்கியிடம் கேட்கும் முறைகள் தெளிவாக்குகின்றன. 1991இன் எச்டிடிபி நெறிமுறையில் 'கெட்' மட்டுமே இருந்தது. அது தகவலைப் பெறும். வழங்கியில் மாற்றம் எதையும் கோராது. 1996இல் வரையறுக்கப்பட்ட 'போஸ்ட்' தரவை ஒப்படைக்கும். இருமுறை அனுப்பினால் இரு பதிவுகள் உண்டாகலாம். 'புட்' தரவை நிறுவும், 'டிலீட்' நீக்கும். இவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் நோக்கிய விளைவு ஒன்றே.

சித்தாந்தம் காட்டும் வேண்டுதல் 'கெட்' போன்றது: கொடுப்பவர் மாறுவதில்லை, பெறுபவர் நிறைகிறார்.