யாருடைய இரைச்சல்?

பூன் லேயில் ஒரு வீவக வீட்டின் படுக்கையறை. நண்பனின் ஜாஸ் பேஸைக் கழற்றிப் போட்டு, உள்ளே குடைந்த பள்ளங்களில் செப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தோம். வாசிக்காமல் சும்மா வைத்தாலே ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று முனகும். தந்தியைத் தொட்டால் கொஞ்சம் அடங்கும்.

இது பழுது இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. தந்தி அதிர்வதை உணரும் அதே காதுக்குத்தான் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் போன் சார்ஜரும் கேட்கின்றன. நுட்பமாகக் கேட்பவனுக்கு வேண்டாததும் கேட்கும். இன்னொன்று: வாசிப்பவனின் உடம்பே ஒரு ஆன்டெனா. தந்தி வழியாக உடம்பு எர்த் ஆவதால்தான் தொட்டதும் அடங்குகிறது. இரைச்சலில் ஒரு பங்கு என் வழியாகத்தான் வருகிறது.

செப்புத் தாள், ஃபாரடே 1836இல் செய்து காட்டிய கூண்டின் குட்டி வடிவம். எர்த்தோடு இணைத்தால் மின்புலத்தை உள்ளே விடாது. ஒட்டி முடித்தோம். கரகரப்பு போச்சு, முனகல் போகல. “காசு வேஸ்ட்டா டா?” என்றான். காந்தப்புலம் மெல்லிய செம்பை ஊடுருவிவிடும். அதற்கு மருந்து சுவர் இல்லை, இன்னொரு காது. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களுக்கும் சுற்றும் எதிர், காந்த முனையும் எதிர். இரண்டையும் சமமாகத் திறந்தால் முனகல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது, இசை கூடுகிறது. எதையும் வெளியே தள்ளவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து கேட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, வேண்டாத சத்தம் எது என்று யார் முடிவு செய்வது? இந்த ஊரில் தைப்பூச ஊர்வலத்தில் 1973இல் இசைக்கருவிகள் தடை செய்யப்பட்டன. கோஷ்டிச் சண்டைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. காவடி தூக்குபவருக்கு உறுமி என்பது அடுத்த அடியை எடுத்து வைக்கும் பலம். சாலையோரம் தூக்கம் கெடுபவருக்கு அது வேறு. இரண்டுமே உண்மை. தடை என்பது செப்புத் தாள் மாதிரி. கரகரப்பை நிறுத்தும், அடியில் கிடக்கும் முனகலைத் தொடாது. அதற்கு இரு தரப்பும் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்கு நாற்பத்து மூன்று வருஷம் ஆனது.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டே இரண்டு பிக்கப்பையும் திறந்தோம். சுத்த அமைதி. சந்தோஷத்தில் ஆம்ப்பை ஏற்றி அரை மணி நேரம் வாசித்துத் தள்ளினோம்.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மலாய் மக்சிக். பேரப்பிள்ளை தூங்கவில்லையாம். கோபமே இல்லாமல் சொன்னார். மணி பத்தே முக்கால்.

எங்கள் காதுக்கு வந்த இரைச்சலையெல்லாம் மாலை முழுக்க உட்கார்ந்து அடைத்திருந்தோம். எங்களிடமிருந்து கீழே போனதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.