சுயமுகாமையும் பொறுப்பும்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளர் தம்மைத் தாமே பேணிக்கொள்ளப் பிரித்தானியாவில் ‘மைசிஓபிடி’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி வழங்கப்படுகிறது. இன்ஹேலரைப் பிழையாகப் பாவிப்போர் மிகப் பலராதலின், சரியான முறையைக் காணொளியிற் காட்டும் அதன் பயன் சிறிதன்று.

ஆயினும் ‘சுயமுகாமை’ என்னும் சொல் ஆராயத்தக்கது. பொறுப்பு இயலுமையோடு பிணைந்தது. மருந்தை உள்ளிழுக்கும் முறை நோயாளியின் கையில் உள்ளது. ஈரம் ஊறிய வாடகை வீடோ, தொழிலிடத்தில் சுவாசித்த தூசோ அவ்வாறன்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பீடித்த இந்நோய்க்குப் பிரித்தானிய நிலக்கரிக் கூட்டுத்தாபனம் பொறுப்புடையது என 1998 இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அத்தகைய தொழிலாளி ஒருவன் இருமல், சளி, உறக்கம் முதலான எட்டு வினாக்களுக்கு விடை பதிந்து, 40 இற்குள் ஓர் எண்ணைப் பெறுகிறான். மருத்துவருக்கு அவ்வெண் வேண்டியதே. அவ்வினாக்களுள் அவன் உழைத்த இடத்தைப் பற்றியது ஒன்றுமில்லை.