மெய்ச்சொல்லால் ஒரு பொய்

நடவாததை நடந்ததாகக் கூறுவது பொய். இதில் ஐயமில்லை. ஒருவர் எழுதிய சொற்களையே, ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்காட்டினால் அதுவும் பொய்யாகுமா?

1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில ஆளுநர் தேர்தலில் நாவலாசிரியர் அப்டன் சின்கிளேர், வறுமை ஒழிப்புத் திட்டத்துடன் போட்டியிட்டார். எதிர்த்தரப்பார் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவரை அமர்த்தினர். தேர்தல் பிரசாரத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தை முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தவர்கள் அவர்கள். சின்கிளேரின் நூல்களைத் துருவிக் கதைமாந்தர் பேசும் வரிகளைப் பொறுக்கினர். திருமணத்தை இகழ்ந்து ஒரு பாத்திரம் சொன்னது, வேட்பாளரின் கொள்கையாக நாளேட்டில் கட்டம் கட்டி வெளிவந்தது. அவர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். (இது ஒன்றே காரணமென்று நாம் கூறவில்லை, அவர் திட்டத்தைக் கண்டு அஞ்சியோரும் பலர்.) அம்மேற்கோள்கள் பொருத்தமற்றவை என்று பாக்ஸ்டரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

எந்த விளம்பரமும் அனைத்தையும் கூற இயலாதே எனலாம். மெய்தான், சுருக்குவது குற்றமன்று. பேசியவர் யார் என்பதை அவர்கள் மறைத்தனர். படிப்போர் மயங்க வேண்டுமென்றே மறைத்தனர். ஆதலின் இதனைப் பொய்யென்றே கொள்கிறோம். உறவினர் பேச்சில் முன்பின்னை விட்டு நடுச்சொல்லை மட்டும் கொண்டுபோய்க் கலகம் மூட்டுபவரை நம் வீடுகளில் கோள் சொல்பவர் என்கிறோம்; அங்கோ அதற்கு ஊதியம்.

நம்பி வாக்களித்தோருக்கும் இதில் பங்குண்டா? நாவலைத் தேடிப் படிக்க எல்லார்க்கும் ஓய்வேது? ஆயினும், இது யார் கூற்றாக வருகிறது என்று அந்நாளேட்டுக்கு ஒரு கடிதமேனும் எழுதிக் கேட்டிருக்கலாமன்றோ?